பெயர் வராத பொருள்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் கம்பனைப் பற்றியோ வள்ளுவரைப் பற்றியோ பேசுவதே மரபு. அவ்வாறு பேசுதற்குரிய புலமை என்னிடம் இல்லை. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு ரயில்வேயில் குமாஸ்தாவாய் அமர்ந்தவன் நான், மருத்துவனும் அல்லன். ஆயினும், தமிழ்ச் சொல்லைப் போற்றுவதற்கென்றே ஏற்பட்டது இச்சங்கம். அந்தச் சொல் நம் வீட்டுப் பெரியோர் சிலருடைய நாவினின்றும் ஒவ்வொன்றாய் நழுவிக்கொண்டிருக்கையில், அதைப் பற்றிப் பேசுவதற்கும் இம்மேடை உரியதே என்று எண்ணுகிறேன். செயலாளர் இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். வண்டி நேரத்துக்கு வருகிறதோ இல்லையோ, பேச்சை நேரத்துக்கு முடித்துவிடுகிறேன்.

மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெங்கும் தேடுவது நோயன்று. தெரிந்தவர் பெயர் நினைவுக்கு வராமல் தொல்லை கொடுத்து, சாப்பிட்டுக் கை கழுவும்போது தானே வந்து நிற்பதும் நோயன்று. நாற்பதைத் தாண்டிய எனக்கே அது உண்டு. நான் சொல்ல வந்தது வேறு. நாள்தோறும் கையாளும் பொருளின் பெயர் வராமற்போவது. ‘அது’, ‘இது’, ‘அந்தச் சாமான்’ என்னும் சொற்களாலேயே பேச்சு முழுவதும் நிரம்பிவிடுவது. வாக்கியத்தின் நடுவே நின்று விழித்து, பிறகு ‘ஒன்றுமில்லை’ என்று கையை அசைத்துவிட்டு மௌனமாகிவிடுவது. மாதம் செல்லச் செல்ல இது மிகுந்துகொண்டே போவது. இதனை டிமென்ஷியா என்னும் நோயின் குறிகளுள் ஒன்றாக மருத்துவர் கொள்வர். தமிழில் மறதி நோய் என்கிறோம். இவ்வூர் மலையாளிகள் மறவி ரோகம் என்கிறார்கள். பெயரில் மறதி இருப்பதால், நினைவை மட்டுமே தின்னும் நோய் இது என்று பலர் எண்ணுகின்றனர். அது சொல்லையும் தின்கிறது. சிலரிடத்தில் சொல்லைத்தான் முதலில் தின்கிறது. நினைவும் நடை உடையும் சரியாயிருக்க, பேச்சு மட்டும் சிறிது சிறிதாய்க் குறைந்துவந்த 6 பேரைப் பற்றி அமெரிக்க மருத்துவர் மெசுலம் 1982-இல் எழுதிய பிறகே இவ்வகையை உலகம் நன்றாகக் கவனிக்கத் தொடங்கியது.

நம் நாட்டில் 60 வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு 7-க்கு மேற்பட்டோர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதி நோயுடையவர் என 2023-இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. ஆகையால் இது யாரோ சிலருக்கு நேரும் விபத்தன்று. நம் காலனியிலும் சில வீடுகளில் இது நடக்கிறது. ‘வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்’ என்று சொல்லிக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்கிறோம்.

நோயின் பழைய சரித்திரத்திலேயே சொல் மாறிப்போன செய்தி ஒன்று இருக்கிறது. 1901-ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்துப் பிராங்க்பர்ட் நகர மருத்துவமனைக்கு அகஸ்டே டீட்டர் என்னும் 51 வயது மாது அழைத்துவரப்பட்டார். அவரை நாள்தோறும் வினவி, விடைகளை அப்படியே எழுதி வைத்தவர் ஆலோயிஸ் அல்ஸைமர் என்னும் மருத்துவர். ஒரு நாள் மதிய உணவுக்குக் காலிபிளவரும் பன்றியிறைச்சியும் உண்டுகொண்டிருந்த அம்மாதை, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். கீரை என்று விடை வந்தது. 1906-இல் அம்மாது இறந்த பின் அவருடைய மூளையை ஆராய்ந்து, அவ்வாண்டு நவம்பரில் ட்யூபிங்கன் நகரில் கூடிய மருத்துவர் சபையில் அல்ஸைமர் எடுத்துரைத்தார். நோய்க்கு அவர் பெயரே பின்னர் வந்தது. அவர் எழுதி வைத்த குறிப்புகளோ எங்கோ கிடந்து 1995-இல்தான் மீண்டும் அகப்பட்டன.

காலிபிளவரைக் கீரை என்றது முழுப் பிழையன்று என்பதைக் கவனியுங்கள். நாற்காலி என்றோ செருப்பு என்றோ அவர் சொல்லவில்லை. சமைத்துண்ணும் தாவரம் என்ற தெருவுக்குள் சொல் சரியாகவே வந்துவிட்டது. வந்த பிறகு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறது. இந்நோயில் வரும் தவறான சொற்களுள் பல இவ்வகையினவே. அவற்றைக் கேட்டு நகைப்பவர்கள், அவற்றினுள் எவ்வளவு அறிவு இன்னும் மிச்சமிருக்கிறது என்பதைக் காணத் தவறுகிறார்கள்.

பார்சல் ஆபீசில் வேலை பார்த்தவர்க்கு இது எளிதில் விளங்கும். மூட்டை உள்ளேதான் இருக்கிறது. மேலே எழுதிய அடையாளம் அழிந்துபோயிற்று. கேட்டு வந்தவர் கையில் ரசீதும் இருக்கிறது. இரண்டையும் சேர்க்க வழியில்லாமல் நிற்கிறோம். சாவியை நீட்டி ‘இது என்ன’ என்று கேட்டால் பெயர் சொல்ல மாட்டாத பெரியவர், அதனை வாங்கிப் பூட்டில் சரியாக நுழைத்துத் திறந்துவிடுவார். ‘கதவு திறக்கிறது’ என்றும் சொல்வார். மூட்டை பத்திரமாயிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டா. ஆனால் மூட்டையே உள்ளிருந்து கரைந்துபோகும் வகையும் ஒன்றுண்டு. அவ்வகை நோயாளரிடம் குடை என்ற பெயரை நாமே எடுத்துச் சொன்னாலும், ‘குடையா? அப்படியென்றால் என்ன?’ என்று கேட்பார்கள். இது அரிது. காதுக்கு உட்புறமாக அமைந்த மூளைப் பகுதி தேய்வதால் வருவது என்பர். இரண்டுக்கும் சிகிச்சை வெவ்வேறாதலின், எவ்வகை என்று பார்த்துச் சொல்ல மருத்துவர் வேண்டும்.

பொதுவாக, பிந்திக் கற்ற சொற்களும் அருகி வழங்கும் சொற்களும் முந்திப் போகின்றன. சிறு பருவத்தில் கற்றவையும் நாள்தோறும் வழங்கியவையும் நெடுநாள் நிற்கின்றன. மகன் பெயர் வராத பெரியவர் வாய்ப்பாட்டைத் தட்டின்றி ஒப்பிப்பதும், பேச்சே குறைந்துபோன மூதாட்டி பாட்டைத் தொடங்கினால் அடி பிறழாமல் உடன் பாடுவதும் இதனால்தான். கோத்துவைத்த சங்கிலி போல ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வருகின்றன.

இனி நம் நிலைமைக்கு வருகிறேன். உலகத்துப் புத்தகங்களில் இதற்கு விடை கிடையாது.

1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவே அன்று மாநில எல்லை வந்தது. பேச்சுக்கு எல்லை வரவில்லை. சாலைக் கடைத்தெருவில் கடை வைத்தவர், கரமனையில் தலைமுறை தலைமுறையாய் வாழ்பவர், மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் மாற்றலாகித் தம்பானூரில் வந்திறங்கியவர் எல்லாரும் சேர்ந்ததே நம் கூட்டம். ஆகவே ஒரு பொருளுக்கு நம்மிடையே பல பெயர். மதுரைக்காரர் சாவி என்பதை நாஞ்சில் நாட்டார் தாக்கோல் என்பர். மலையாளியும் தாக்கோல் என்பார். துண்டு, துவர்த்து, தோர்த்து. துடைப்பம், வாரியல், சூல். மரவள்ளிக் கிழங்கை இவ்வூரிலும் நாகர்கோவிலிலும் மரச்சீனி என்பதும், சற்று வடக்கே சென்றால் கப்ப என்பதும் நீங்கள் அறிந்ததே. நோயில்லாதவர்க்கு இது செல்வம். சொல்லைத் தேடி அலைபவர்க்கோ, ஒரே மூட்டைக்கு மூன்று அடையாளம் ஒட்டியது போலாகிறது.

பெயர் சொல்லும் திறனை அளப்பதற்கு 1983-இல் அமெரிக்காவில் வெளியான பாஸ்டன் சோதனை பெரும்புகழ் பெற்றது. அதில் 60 படங்கள். வடதுருவத்துப் பனி வீடும், பீவர் என்னும் பிராணியும், ஆஸ்பராகஸ் என்னும் காயும் அவற்றுள் உண்டு. இவற்றின் பெயர் தெரியாததற்காக நம் ஊர்ப் பாட்டியை நோயாளி என்று தீர்ப்பளிப்பதானால், சாலைக் கடைத்தெருவையே மருத்துவமனையில் சேர்க்க வேண்டிவரும்.

இக்குறையை முன்னரே உணர்ந்து வேலை செய்தவர்கள் நம் நகரத்திலேயே இருந்தார்கள் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது. நினைவு, மொழி முதலியவற்றை ஒருங்கே சோதிக்கும் அடென்புரூக்ஸ் சோதனை இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் உருவானது. 2000-ஆம் ஆண்டில் அதனை வெளியிட்ட கட்டுரையின் முதல் ஆசிரியர் டாக்டர் மதுரநாத். பின்னர் அவர் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் பணியாற்றியபோது, அச்சோதனையை மலையாள மக்களுக்கேற்ப மாற்றியமைத்து 2004-இல் வெளியிட்டார். இத்தகைய வேலையில் வாக்கியத்தை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. படம் மாற வேண்டும். சொல்லின் எளிமையும் அருமையும் இவ்வூர்ப் பேச்சைக் கொண்டு மீண்டும் நிறுக்கப்பட வேண்டும். பள்ளி செல்லாதவர்க்கு வேறு அளவு வேண்டும்.

அவ்வாறு மலையாளிக்கென்று சீராக அமைத்த சோதனையும், மலையாள நாட்டில் வாழும் தமிழ் மூதாட்டிக்கு முழுதும் பொருந்துமா? என் வீட்டு அனுபவத்தைச் சொல்கிறேன். என் மனைவியின் தாயார் தோவாளைப் பக்கத்தவர், எங்களோடு இருந்தார். அத்தைக்கு மலையாளம் தெரியாது என்று சொல்ல முடியாது. மீன்காரியோடு பேரம் பேசி வெல்லும் அளவுக்குத் தெரியும். ஒரு மருத்துவமனையில் இளம் பெண்ணொருத்தி படங்களைக் காட்டி மலையாளத்தில் பெயர் கேட்டாள். பதினாறு படங்களுள் ஐந்துக்கே பெயர் வந்தது. அவள் அனுமதியோடு அதே படங்களை என் மனைவி தமிழில் கேட்டபோது ஒன்பதுக்கு வந்தது. வாரியல் என்று அத்தை சொன்னதும் அப்பெண் விளங்காமல் என்னை நோக்கினாள். சூல் என்றேன். சிரித்துக்கொண்டே மதிப்பெண் இட்டாள். அத்தை என் மனைவியின் பக்கம் திரும்பி, “அந்தப் பிள்ளைக்கி வாரியலுக்குப் பேரு தெரியல்ல, பாத்தியா?” என்று இரக்கத்தோடு சொன்னார்கள். அன்று அந்த அறையில் யாருக்குச் சொல் வரவில்லை என்பது அவரவர் இருந்த இடத்தைப் பொறுத்தது!

எல்லார்க்கும் தாய்மொழியே மிஞ்சும் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட வேண்டா. மூளையில் அடிபட்டுப் பேச்சிழந்த பன்மொழியாளரைப் பற்றிப் பிரெஞ்சு நாட்டில் அக்காலத்திலேயே விவாதம் நடந்தது. பழையது நிலைக்கும் என்பது 1881-இல் ரிபோ சொன்ன கருத்து. மிகுதியாய் வழங்கிய மொழியே முந்தித் திரும்பும் என்று 1895-இல் பித்ர் சொன்னார். மறதி நோயில் இரு மொழியும் ஒருங்கே தேய்வாரும் உண்டு. பக்கத்து வீட்டு மலையாளியோடும் தமிழிலேயே பேசத் தொடங்குவாரும் உண்டு. நாற்பதாண்டு ஆபீசில் வழங்கிய ஆங்கிலமே கடைசிவரை கைகொடுப்பாரும் உண்டு. ஆதலின் இரு மொழியிலும் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதே நான் வற்புறுத்துவது. மருத்துவரிடம் சென்றவுடன், ‘இவர் வீட்டில் பேசியது தமிழ், இன்ன ஊர்த் தமிழ், வெளியில் பேசியது மலையாளம்’ என்று நாமே எடுத்துச் சொல்ல வேண்டும். கேட்கப்படாவிட்டாலும் சொல்ல வேண்டும்.

இரு மொழி பேசுவது நமக்குக் கெடுதியோ என்று அஞ்சவும் வேண்டா. ஹைதராபாத்தில் 648 மறதி நோயாளரை ஆராய்ந்து டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர் 2013-இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு மொழி மட்டும் பேசியவரைவிடப் பல மொழி பேசியவர்க்கு நோய் நாலரை ஆண்டு பிந்தித் தோன்றியதாகக் கண்டார்கள், எழுத்தறியாதவரிடத்தும் அவ்வாறே. இதனை ஒப்பாத ஆராய்ச்சியாளரும் உளர். உண்மையாயின், மீன்காரியோடு பேசிய மலையாளத்துக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

சிகிச்சை என்ன? நோயை வேரோடு களையும் மருந்து இன்றளவும் இல்லை. சொல் தேடும் இடர்ப்பாட்டுக்குப் பேச்சுப் பயிற்சி உண்டு. அதன் தத்துவம் ரயில்வேக்காரனுக்குப் பழக்கமானது. புனலூர்–செங்கோட்டைப் பாதை அகலப்படுத்தும் வேலைக்காக 2010 முதல் 2018 வரை அடைபட்டுக் கிடந்தபோது, தென்காசிக்குப் போக வேண்டியவர்கள் போகாமலா இருந்தார்கள்? நாகர்கோவில் சுற்றி, திருநெல்வேலி வழியாகப் போனார்கள். அது போல, பெயருக்குப் போகும் நேர்வழி அடைபட்டவரைச் சுற்றுவழியில் அழைத்துச் செல்வதே பயிற்சி. தாக்கோலைக் கையில் கொடுத்து, இதை எங்கே மாட்டி வைப்போம், எதனால் செய்தது, இதைக் கொண்டு என்ன செய்வோம், எதனோடு சேர்ந்திருக்கும் என்று ஒவ்வொன்றாய் உரையாட வேண்டும். பொருளைச் சுற்றியுள்ள நினைவுகள் எழ எழ, பெயரும் சில வேளை தானே எழும். எழாவிட்டால் ‘தா...’ என்று முதலெழுத்தைத் தொடங்கிக் கொடுக்கலாம். அதற்கும் வராவிட்டால் முழுச்சொல்லையும் நாமே சொல்லி, உடன் சொல்லச் செய்ய வேண்டும். ஊகித்துச் சொல் என்று வதைக்கக் கூடாது. தவறாய்ச் சொன்னது மனத்தில் ஊன்றிவிடும் என்பர்.

மற்றொரு முறை இடைவெளி விட்டுக் கேட்பது. பேத்தியின் பெயரைச் சொல்லிக் கொடுத்து அரை நிமிடம் கழித்துக் கேட்க வேண்டும். வந்தால் ஒரு நிமிடம், பிறகு இரண்டு, நான்கு, எட்டு என்று இடைவெளியை நீட்ட வேண்டும். தவறினால் உடனே சொல்லிக் கொடுத்து, முன்பு வெற்றி கண்ட இடைவெளிக்குத் திரும்ப வேண்டும். நடுவில் மௌனமாய் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. கீரை ஆய்ந்துகொண்டே செய்யலாம்.

இதன் எல்லையையும் மறைக்காமல் சொல்வது கடமை. பயின்ற சொல் வரும். பயிலாத சொல்லுக்குப் பயன் பரவுவது அரிது. பயிற்சியை நிறுத்தினால் கற்றதும் தேயும். ஆகையால் எந்தச் சொல்லைத் தெரிந்தெடுக்கிறோம் என்பதே பெரிய காரியம். கடையில் விற்கும் படச்சீட்டுகளை வாங்கி வந்து ஒட்டகம், வரிக்குதிரை என்று பயிற்றுவிப்பதில் எனக்குச் சிறிதும் நம்பிக்கை இல்லை. எழுபத்தெட்டு வயதில் அவர் எந்த வரிக்குதிரையை அழைக்கப் போகிறார்? தண்ணீர், வலி, கக்கூஸ், கண்ணாடி, போர்வை, கஞ்சி, கணவர் பெயர், பிள்ளைகள் பெயர் என இருபது சொற்கள் போதும். அவை அவருடைய சொற்களாக இருக்க வேண்டும். துவர்த்து என்றவரைத் துண்டு என்று சொல்லப் பழக்குவது வீண் வேலை.

பயிற்சியை வகுத்துக் கொடுப்பவர் பேச்சு மருத்துவத்தில் தேர்ந்தவர். நம் நகரில் ஆக்குளத்தில் 1997-இல் தொடங்கிய நிஷ் நிலையம் இத்துறையில் மாணாக்கரைப் பயிற்றுகிறது. நோயாளர் குடும்பங்களுக்குத் துணை நிற்கும் சங்கம் 1992-இல் இக்கேரளத்திலேயே, டாக்டர் ஜேக்கப் ராயின் முயற்சியால் தோன்றி நாடெங்கும் பரவியது. சென்னையில் ஸ்கார்ப் நிறுவனத்தார், நோயாளர் சிலரைக் கூட்டாக அமர்த்தி 14 அமர்வுகளில் பேச்சும் விளையாட்டும் பாட்டுமாக மூளைக்கு வேலை கொடுக்கும் பிரிட்டிஷ் முறையைத் தமிழர்க்கேற்ப மாற்றிச் செய்துபார்த்து 2017-இல் வெளியிட்டனர். தமிழில் இது இயலும் என்பதற்கு அதுவே போதும்.

மருத்துவரிடம் போவதைத் தள்ளிப் போடாதீர்கள். தைராய்டுக் குறையாலும் பி-12 குறையாலும் மனச்சோர்வாலும் மறதி வரலாம். அவற்றுக்கு மருந்து உண்டு. காது மந்தமும் கண்புரையும் இருந்தால் முதலில் அவற்றைக் கவனிக்க வேண்டும். திடீரென ஒரே நாளில் பேச்சு குழறினால் அது வேறு நோய்; பக்கவாதமாயிருக்கலாம். அப்போது ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஓட வேண்டும்.

வீட்டில் செய்யத்தக்கது ஒன்று, செய்யத்தகாதது ஒன்று சொல்கிறேன். சொல்லுக்காகத் தவிப்பவர் முன் மனத்துக்குள் பத்து எண்ணும்வரை காத்திருங்கள். பிறகும் வராவிட்டால், ‘என்ன வேண்டும்’ என்று மீண்டும் கேளாமல், ‘காப்பியா, கஞ்சியா?’ என்று இரண்டையும் காட்டிக் கேளுங்கள். செய்யத்தகாதது, விருந்தினர் முன்னிலையில் நடத்தும் பரீட்சை. ‘இது யார், சொல்லுங்க பார்ப்போம்’ என்று பேரனை முன்னே நிறுத்திக் கேட்பது நம் வீடுகளில் அன்பென்றே எண்ணிச் செய்யப்படுகிறது. பெயர் வராமல் அந்த முகம் படும் பாட்டைப் பார்த்தவர் மறுமுறை கேட்க மாட்டார். ‘உங்க பேரன் முருகன் வந்திருக்கான்’ என்று சொல்லி அறிமுகம் செய்தால் யாருக்கு என்ன நட்டம்?

இறுதியாக ஒரு விஷயம். முதலெழுத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றேன். எடுத்துக் கொடுப்பவர்க்கு அந்தச் சொல் தெரிந்திருக்க வேண்டுமல்லவா? நம் குழந்தைகள் மலையாளமும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். பகலில் பெற்றோர் இருவரும் வேலைக்குச் சென்றபின் ஆச்சியோடு வீட்டில் இருப்பது பேத்தியே. ஆச்சி இட்லிக் கொப்பரையைத் தேடித் தவித்தால், அச்சொல்லைத் தன் வாழ்நாளில் கேட்டறியாத பேத்தி எந்த எழுத்தை எடுத்துக் கொடுப்பாள்? நோயால் பாதி, நம் வாழ்க்கை மாறியதால் பாதி என்று அந்தச் சொல் இருபுறமும் அடைபடுகிறது.

ஆகவே, பெரியோர் நன்றாயிருக்கும்போதே அவரவர் சொற்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். சமையலறைச் சாமான், உறவினர் பெயர், பிறந்த ஊரின் தெருக்கள், பாடும் பாட்டின் முதலடி, பிடித்த பலகாரம். பக்கத்தில் புகைப்படம் இருந்தால் ஒட்டுங்கள். தமிழ் படிக்க வராத பேரப்பிள்ளைக்காக அதே சொல்லை மலையாள எழுத்திலும் எழுதுங்கள். தமிழ்ச் சங்க மேடையில் இதைச் சொல்லலாமா என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. வாரியல் என்பதை எந்த எழுத்தில் பார்த்துப் படித்தாலும் ஆச்சியின் காதில் விழுவது தமிழ்தான்.

செயற்குழுவின் அனுமதியோடு நாற்பது பக்க நோட்டுப் புத்தகங்கள் ஐம்பது வாங்கி, வாசல் பக்கத்து மேசையில் வைத்திருக்கிறோம். நாடகம் தொடங்குமுன் வீட்டுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளலாம், விலையில்லை. முதற்பக்கத்தில் பெரியவரின் பெயரும் பிறந்த ஊரும் எழுதுங்கள். இரண்டாம் பக்கத்திலிருந்து அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள், திருத்தாதீர்கள்.